மாலத்தீவு: சிறு தீவு நாட்டின் நலிவு நிலையும் நீடித்த வளர்ச்சியும்

இந்தியப் பெருங்கடலில், இலங்கைக்குத் தென்மேற்கேயும் இந்தியாவின் இலட்சத்தீவுகளுக்குத் தெற்கேயும் வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் பவளத் தீவுக்கூட்டம் மாலத்தீவு ஆகும். ஏறத்தாழ 1,190 தீவுகளைக் கொண்ட இந்நாட்டின் மொத்த நிலப்பரப்பு சுமார் 300 சதுர கிலோமீட்டர் மட்டுமே. மக்கள் வாழ்வது 200-க்கும் குறைவான தீவுகளில்தான். நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேல் கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்திற்குள் அமைந்துள்ளது.

ஐக்கிய நாடுகள் அவை 'வளரும் சிறு தீவு நாடுகள்' என்று வகைப்படுத்தியுள்ள 39 நாடுகளுள் மாலத்தீவும் ஒன்று. இவ்வகை நாடுகளைப் பற்றிப் பேசும்போது 'நலிவு நிலை' என்னும் கருத்து முதன்மையாக இடம்பெறுகிறது. ஒரு நாடு தன் கட்டுப்பாட்டில் இல்லாத புற அதிர்ச்சிகளால் எளிதில், பெருமளவில் பாதிக்கப்படும் தன்மையையே இச்சொல் குறிக்கிறது. புயல், கடல்மட்ட உயர்வு போன்ற இயற்கை அதிர்ச்சிகளும், ஏற்றுமதிச் சந்தை மூடுவது, எரிபொருள் விலை ஏறுவது போன்ற பொருளாதார அதிர்ச்சிகளும் இதில் அடங்கும். இக்கருத்து உலக அரங்கில் உருப்பெற்றதில் மாலத்தீவுக்குப் பெரும் பங்குண்டு. அந்நாட்டின் வரலாறு, நலிவு நிலை என்பது முழுவதும் இயற்கை தந்ததா, மனிதர் தெரிந்தெடுத்த வழிகளாலும் கூடியதா என்னும் கேள்விக்கும் விடை தருகிறது.

நில அமைப்பும் நன்னீரும்

மாலத்தீவின் தீவுகள் பவளப்பாறை வளையங்களின் மேல் மணலும் பவளச் சிதைவும் சேர்ந்து உருவானவை. இத்தகைய வளையத்தைக் குறிக்க உலக மொழிகள் பலவும் வழங்கும் 'அட்டோல்' என்னும் சொல், மாலத்தீவின் திவெயி மொழியில் உள்ள 'அத்தொளு' என்பதிலிருந்து சென்றதாகும். நாட்டில் இத்தகைய இயற்கை வளையங்கள் 26 உள்ளன.

இத்தீவுகளுக்கு இரண்டு இயற்கை அரண்கள் உண்டு. முதலாவது, தீவைச் சூழ்ந்திருக்கும் பவளப்பாறை. ஆழ்கடலிலிருந்து வரும் அலை பாறையின் விளிம்பில் உடைந்து, வலுவிழந்த பின்னரே கரையை அடைகிறது. இரண்டாவது, மணலின் நகர்வு. தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு பக்கம் அரிக்கப்படும் மணல், வடகிழக்குப் பருவக்காற்றில் மறுபக்கம் வந்து சேர்கிறது. ஆண்டுதோறும் தீவின் கரைக்கோடு மாறினாலும் தீவு நிலைத்திருக்கிறது.

ஆறுகள் இல்லாத இந்நிலத்தில் குடிநீருக்கு ஆதாரம் மழையே. மணலில் இறங்கும் மழைநீர், அடர்த்தி மிகுந்த உப்புநீரின் மேல் மெல்லிய வில்லை போல மிதந்து நிற்கிறது. சில அடி தோண்டினாலே கிணற்றில் நல்ல நீர் கிடைக்கும். ஆனால் அளவுக்கு மீறி இறைத்தாலும், கழிவுநீர் கலந்தாலும், கடல் ஏறினாலும் அவ்வில்லை கெட்டுவிடும். மீண்டும் தேறப் பல பருவங்களின் மழை வேண்டும்.

சோழியும் மாசியும்

சிறு தீவு என்றால் உலகிலிருந்து ஒதுங்கிக் கிடப்பது என்னும் எண்ணம் மாலத்தீவுக்குப் பொருந்தாது. தொடக்கக் காலம் தொட்டே அது கடல் வணிகத்தால் வாழ்ந்த நாடு. முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் 'பழந்தீவு பன்னீராயிரம்' மாலத்தீவே என வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். அரபுக் கடலோடிகளும் குசராத்து வணிகரும் இத்தீவுகளை நன்கு அறிந்திருந்தனர். கி.பி. 1153-இல் நாடு இசுலாத்தைத் தழுவியது. பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கு வந்து நீதிபதியாகவும் பணியாற்றிய இபின் பதூதா, தேங்காய், மீன், சோழி ஆகிய மூன்றும் தீவு மக்களின் வாழ்வில் பெற்றிருந்த இடத்தை விரிவாக எழுதியுள்ளார்.

மாலத்தீவின் சோழி வங்காளத்தில் நாணயமாகப் புழங்கியது. சோழி ஏற்றிச் சென்ற கப்பல்கள் அரிசி ஏற்றி வந்தன. பின்னர் ஐரோப்பிய வணிகக் குழுமங்கள் இச்சோழிகளை இலங்கை, வங்காளம் வழியாக வாங்கி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றன. அங்கு அடிமை வணிகத்தில் அவை விலையாகக் கொடுக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலோக நாணயம் சோழியின் இடத்தைப் பிடித்தபோது அச்சந்தை மறைந்தது. சோழி பொறுக்கியவர் தீவினர். சோழிக்கு மதிப்பு இருப்பதும் போவதும் தீவுக்கு வெளியே முடிவானது.

சோழிக்குப் பின் நாட்டைத் தாங்கியது மாசி. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் மரக்கட்டை போல் உலர்த்திச் செய்யும் இது, இலங்கையிலும் தமிழகத்தின் தென்கடற்கரையிலும் 'மாசிக் கருவாடு' என்று அறியப்படுகிறது. இலங்கைச் சமையலில் சம்பல் முதல் குழம்பு வரை இதற்கு இடமுண்டு. மாலத்தீவினர் மீன்பிடிக்கும் படகின் பெயரான 'தோனி', தமிழின் 'தோணி' என்னும் சொல்லோடு ஒலியிலும் பொருளிலும் ஒத்திருப்பது இப்பகுதியின் நெடுநாளைய கடல் உறவைக் காட்டுகிறது.

மாசியை விற்று அரிசி வாங்கும் இப்பொருளாதாரத்தின் பலவீனம் இரண்டாம் உலகப் போரின்போது வெளிப்பட்டது. கப்பல் போக்குவரத்து தடைப்பட்டு அரிசி வரத்து குறைந்ததால் தீவுகளில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. கடலில் மீன் இருந்தும், தானியத்திற்கு வெளியாரை நம்பிய நாடு பட்டினி கிடந்தது.

1972: பொருளாதாரத்தின் திசைமாற்றம்

1887 முதல் பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்த மாலத்தீவு 1965 சூலை 26-இல் விடுதலை பெற்றது. 1968-இல் சுல்தான் ஆட்சி முடிந்து குடியரசாயிற்று. 1970-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கிய இலங்கை, மாசி இறக்குமதியைக் கடுமையாகக் குறைத்தது. பெரும்பாலும் ஒரே பொருளை ஒரே நாட்டுக்கு விற்று வந்த மாலத்தீவுக்கு இது பேரிடியாக அமைந்தது. தென்கோடியிலுள்ள கான் தீவின் பிரித்தானிய வான்படைத் தளமும் 1976-இல் மூடப்பட்டதால் அங்கு வேலை பார்த்தோர் பிழைப்பை இழந்தனர்.

இந்நெருக்கடியில் இரண்டு புதிய வழிகள் திறந்தன. ஒன்று, உறைய வைத்த மீனை வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்பது. 1970-களின் நடுவில் தோணிகளுக்கு இயந்திரம் பொருத்தும் பணி தொடங்கி, பாய்மர மீன்பிடிப்பு விரைவில் மாறியது. மற்றொன்று சுற்றுலா. 1972-இல் இத்தாலியப் பயணிகளின் சிறு குழு ஒன்று வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நாட்டின் முதல் சுற்றுலா விடுதியான குரும்பா திறக்கப்பட்டது.

மாலத்தீவு தெரிந்தெடுத்த முறை 'ஒரு தீவுக்கு ஒரு விடுதி' என்பதாகும். மக்கள் வாழாத தீவை அரசு குத்தகைக்கு விடும். குத்தகைதாரர் அங்கு மின்சாரம், குடிநீர், கழிவகற்றல் உள்ளிட்ட அனைத்தையும் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். இதனால் ஊர்த் தீவுகளின் வாழ்முறை பெரிதும் கலையாமல் இருந்தது. ஆனால் ஊர் மக்களுக்கும் சுற்றுலா வருவாய்க்கும் இடையே கடல் ஒன்று கிடந்தது. 2009-க்குப் பின் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த இசைவு வழங்கப்பட்ட பின்னரே இந்நிலை ஓரளவு மாறியது.

1987-இன் அலைகளும் மாலே பிரகடனமும்

1987 ஏப்ரலில், உள்ளூரில் புயல் எதுவும் இல்லாதபோதே, தொலைவில் எழுந்த பெரும் அலைகள் தலைநகர் மாலேயைத் தாக்கின. நகரின் பகுதிகள் நீரில் மூழ்கின. விமான நிலையம் சேதமுற்றது. கடலைத் தூர்த்துப் புதிதாகச் சேர்த்த நிலத்தின் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டது.

இப்பேரிடரில் மனிதர் கைக்கும் பங்கு இருந்தது. பெருகிய மக்களுக்கு இடம் தேட, மாலேயைச் சுற்றியிருந்த ஆழமற்ற பாறைப் பரப்பு விளிம்பு வரை தூர்க்கப்பட்டிருந்தது. வீடு கட்டுவதற்குப் பவளக் கற்கள் பாறைகளிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு வந்தன. அலை உடைந்து தளர்வதற்கு இருந்த இடைவெளி நகரமாகிவிட்டதால், அலை நேராக வீட்டு வாசலில் உடைந்தது. பின்னர் பவளம் வெட்டுவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. கட்டடங்கள் சிமெண்டுக்கும், இந்தியாவிலிருந்து வரும் மணலுக்கும் கல்லுக்கும் மாறின. தூத்துக்குடியிலிருந்து தோணிகளில் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் மாலேக்குச் செல்வது இவ்வணிகத்தின் ஒரு கூறாகும். சப்பானிய அரசின் உதவியுடன் மாலேயைச் சுற்றி நாற்கால் கான்கிரீட் கட்டைகளால் அலைத்தடுப்பு எழுப்பப்பட்டது. பல கட்டங்களாக நடந்த இப்பணி 2002 வரை நீண்டது.

அதே 1987 அக்டோபரில், அன்றைய அதிபர் மௌமூன் அப்துல் கயூம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் உரையாற்றி, கடல்மட்ட உயர்வு தம் நாட்டின் இருப்பையே அழிக்கக்கூடும் என்று எச்சரித்தார். புவி வெப்பமாதல் அப்போது பெரும்பாலும் அறிவியலாளர் வட்டத்திற்குள் பேசப்பட்ட பொருளாக இருந்தது. 1989 நவம்பரில் சிறு நாடுகளின் மாநாட்டை மாலத்தீவு தன் தலைநகரிலேயே கூட்டியது. கடல்மட்ட உயர்வு குறித்து அங்கு வெளியிடப்பட்ட மாலே பிரகடனத்தின் தொடர்ச்சியாக, 1990-இல் சிறு தீவு நாடுகளின் கூட்டணி உருவானது. படைபலமும் பணபலமும் இல்லாத நாடுகள் எண்ணிக்கையாலும் அறநிலையாலும் பேரம் பேசும் ஓர் அமைப்பாக அது வளர்ந்தது.

கருத்தின் வளர்ச்சி

1992-இல் ரியோ புவி உச்சி மாநாட்டின் செயல்திட்டம் சிறு தீவு நாடுகளைத் தனி வகையாக ஏற்றது. 1994-இல் பார்படோசிலும், 2005-இல் மொரீசியசிலும், 2014-இல் சமோவாவிலும், 2024-இல் ஆன்டிகுவா பார்புடாவிலும் இந்நாடுகளுக்கான ஐக்கிய நாடுகள் மாநாடுகள் நடந்து, ஒவ்வொன்றும் ஒரு செயல்திட்டத்தை வகுத்தது.

இதே காலத்தில் பொருளாதார அறிஞர்களும் நலிவு நிலையை அளக்க முயன்றனர். மால்டா நாட்டு அறிஞர் லீனோ பிரிகூலியோ 1990-களில் இதற்கான குறியீட்டை உருவாக்கினார். வணிகத் திறப்பு, சில பொருள்களையே ஏற்றுமதிக்கு நம்பியிருத்தல், எரிபொருள், உணவு இறக்குமதி ஆகியவை இத்தகைய அளவீடுகளின் கூறுகள். வெளி அதிர்ச்சிகளுக்கு மிகுதியாக ஆளாகும் சிங்கப்பூர் செல்வ நாடாக இருப்பதை அவர் 'சிங்கப்பூர் முரண்' என்று அழைத்தார். நலிவு என்பது பிறப்பில் வருவது. அதைத் தாங்கும் திறன் கொள்கையால் வளர்க்கக்கூடியது என்பது அவரது விளக்கம்.

இக்குறியீடுகளுக்குப் பின்னால் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. சலுகைக் கடனும் உதவியும் பெரும்பாலும் தனிநபர் வருமானத்தை வைத்தே வழங்கப்படுகின்றன. சுற்றுலாவால் தீவு நாடுகளின் தனிநபர் வருமானம் உயர்ந்து தெரியும். அந்த வருமானம் ஒரே நாளில் அழியக்கூடியது என்பதைக் கணக்கு காட்டாது.

ஆறு நாள் இடைவெளி

இச்சிக்கலை மாலத்தீவைப் போல் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை. 1971-இல் ஐக்கிய நாடுகள் அவை தொகுத்த மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் அது இடம்பெற்றிருந்தது. வருமானமும் கல்வியும் நலவாழ்வும் உயர்ந்ததால் அப்பட்டியலிலிருந்து அதனை விடுவிக்கும் தீர்மானம் 2004 திசம்பர் 20-இல் பொதுச்சபையில் ஏற்கப்பட்டது. ஆறு நாள் கழித்து, திசம்பர் 26-இல், ஆழிப்பேரலை வந்தது.

ஆழ்கடலிலிருந்து செங்குத்தாக எழும் தீவுகள் என்பதால், தமிழகத்திலும் இலங்கையிலும் எழுந்த அளவுக்கு அலை இங்கு உயரவில்லை. இருப்பினும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். ஓடி ஏற மேட்டுநிலம் எங்குமில்லை. பத்துக்கும் மேற்பட்ட தீவுகளின் மக்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டனர். கிணறுகளில் உப்பு ஏறியது. மொத்தச் சேதம் சுமார் 47 கோடி அமெரிக்க டாலர் என உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐக்கிய நாடுகள் அமைப்பு ஆகியவற்றின் கூட்டு ஆய்வு மதிப்பிட்டது. இது நாட்டின் ஆண்டு உள்நாட்டு உற்பத்தியில் 62 விழுக்காடு. பெரிய நாடுகளில் பேரலை சில மாவட்டங்களைத் தாக்கியது. மாலத்தீவில் நாட்டின் பொருளாதாரத்தையே தாக்கியது.

பட்டியலிலிருந்து விடுவிப்பது தள்ளிவைக்கப்பட்டு, 2011 சனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. இடைக்காலச் சலுகை முடிந்தபின், 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் மாலத்தீவு மீனுக்கு இருந்த வரிவிலக்கும் நீங்கியது. வருமானத்தோடு நலிவு நிலையையும் கணக்கில் கொள்ளும் பன்முக நலிவுக் குறியீட்டை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2024 ஆகஸ்டில் ஏற்றது. நிதி நிறுவனங்கள் அதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்னும் நிலை இன்னும் வரவில்லை.

கந்தொளுதூ மக்களின் இடப்பெயர்வு

பேரலையால் வாழத் தகுதியற்றுப்போன தீவுகளுள் ஒன்று, ரா வளையத்திலுள்ள கந்தொளுதூ. மக்கள் நெருக்கம் மிகுந்த சிறு தீவு அது. அதன் மக்கள் பல தீவுகளில் தற்காலிகக் குடில்களில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தனர். மக்கள் வாழாதிருந்த துவாஃபரு தீவில் செஞ்சிலுவைச் சங்க அமைப்புகள் வீடு, பள்ளி, சாலை அமைத்தபின் 2008-இன் இறுதியில் அங்குக் குடியேறத் தொடங்கினர். ஒரு சமூகத்தை முழுமையாக இடம்பெயர்ப்பது இயலக்கூடியதே என்பதற்கும், அதற்கு எவ்வளவு காலமும் பொருளும் வேண்டும் என்பதற்கும் இது சான்று. அவர்கள் சென்று சேர நாட்டுக்குள்ளேயே வேறொரு தீவு இருந்தது என்பதும் கருதத்தக்கது.

உயர்த்தப்பட்ட தீவு

மாலேயின் நெருக்கத்தைக் குறைக்க 1997-இல் அதனருகே ஊல்ஊமாலே என்னும் செயற்கைத் தீவை உருவாக்கும் பணி தொடங்கியது. கடலடி மணலை உறிஞ்சி நிரப்பி, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்தில் இது அமைக்கப்பட்டது. 2004-இல் மக்கள் குடியேறினர். இரண்டாம் கட்டமாக 2015-இல் மேலும் 240 எக்டேர் சேர்க்கப்பட்டது. 2018-இல் சீன உதவியிலும் கடனிலும் கட்டப்பட்ட பாலம் மாலேயை விமான நிலையத் தீவோடும் ஊல்ஊமாலேயோடும் இணைத்தது.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 5 இலட்சம் பேர் வசிக்கின்றனர். அவர்களுள் ஐந்தில் இரு பங்கினர் மாலே வட்டாரத்தில் உள்ளனர். ஏறத்தாழ கால் பங்கினர் வெளிநாட்டவர். பள்ளி, மருத்துவமனை, வேலை ஆகியவற்றை உயர்ந்த, பாதுகாப்பான சில தீவுகளில் குவிப்பது சிக்கனமானது என்பது ஒரு தரப்பின் வாதம். தொலைத்தீவுகள் வெறுமையாவதும், தூர்ப்பதற்காக மணல் அள்ளுவது பவளத்தை மூடி அழிப்பதும், ஒரே இடத்தில் அனைத்தும் குவிவதே புதிய நலிவாவதும் மறுதரப்பின் கவலைகள். துறைமுகச் சுவரும் கரைத்தடுப்பும் எழுந்த தீவுகளில் பருவந்தோறும் நடக்கும் மணல் நகர்வு தடைப்பட்டு, ஒரு பக்கம் காக்க மறுபக்கம் அரிக்கப்படுவதும் உண்டு.

குவிவின் ஆபத்து 2014 திசம்பர் 4 அன்று தெரிந்தது. மாலேயின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஏற்பட்ட தீயால் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் குடிநீர் இழந்தனர். வேறு நீராதாரம் நகரில் இல்லை. இந்தியா விமானங்களிலும் கடற்படைக் கப்பல்களிலும் குடிநீர் அனுப்பியது. முன்னோர் குடித்த கிணறுகள் கெட்ட பின், ஓர் இயந்திரக் கூடத்தையே நகரம் முழுவதும் நம்பியிருந்தது.

எரிபொருள், சுற்றுலா, கடன்

2009 மார்ச்சில் அதிபர் முகமது நசீத், பத்தாண்டுகளில் மாலத்தீவைக் கரிமச் சமநிலை நாடாக்குவதாக அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபர் 17-இல் அமைச்சரவைக் கூட்டத்தைக் கடலடியில் முக்குளிப்பு உடையில் நடத்தி உலகின் கவனத்தை ஈர்த்தார். 2012-இல் அவர் பதவி விலகியபின் அந்த இலக்கு பின்தங்கியது. சூரியமின் திட்டங்கள் வளர்ந்து வந்தாலும், தீவுகளின் மின்சாரம் இன்றும் பெரும்பாலும் இறக்குமதி டீசலிலிருந்தே வருகிறது. எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் அரசின் மானியச் செலவும் ஏறுகிறது.

சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை 2024-இல் 20 இலட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு பெரிய தொழிலும் 2020-இல் பெருந்தொற்றால் எல்லை மூடியபோது சில மாதங்கள் ஏறத்தாழ நின்றுபோனது. அவ்வாண்டு பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. பாலம், விமான நிலையம், குடியிருப்பு ஆகியவற்றுக்காக வாங்கிய கடன் ஆண்டு உற்பத்தியின் அளவையும் விஞ்சியது. 2024 அக்டோபரில் இந்திய ரிசர்வ் வங்கி 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற வசதி அளிக்க முன்வந்தது. மாசியின் ஒரே சந்தை மூடிய 1970-களின் பாடம், வேறு வடிவில் திரும்பி வந்தது.

கடல்வளப் பாதுகாப்பு

நீடித்த வளர்ச்சியில் மாலத்தீவின் குறிப்பிடத்தக்க சாதனை அதன் மீன்பிடிமுறை. வலை வீசாமல், தூண்டிற்கோலால் சூரையை ஒவ்வொன்றாகப் பிடிக்கும் மரபு இன்றும் தொடர்கிறது. குஞ்சு மீனும் ஆமையும் வீணாகச் சிக்காத இம்முறை 2012-இல் பன்னாட்டுத் தரச்சான்று பெற்றது. 2010-இல் சுறாப் பிடிப்பு தடை செய்யப்பட்டது. 2011-இல் பா வளையம் யுனெசுகோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் உள்நாட்டுச் சட்டத்தால் கடலின் வெப்பத்தைக் குறைக்க இயலாது. 1998-இல் கடல் வெப்பமுற்றபோது ஆழமற்ற பகுதிப் பவளங்களில் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. மெல்ல மீண்டுவந்த பவளம் 2016-இல் மீண்டும் பெருமளவில் வெளிறியது. பாறை உயிருடன் வளர்ந்தால்தான் அலையைத் தடுக்கவும், தீவுக்கு மணல் தரவும், பயணிகளை ஈர்க்கவும் முடியும். கரையில் எழுப்பும் சுவர் இவற்றுள் முதற்பணியை மட்டுமே செய்யும்.

மதிப்பீடு

மாலத்தீவின் வரலாற்றில் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருகிறது. சோழி, மாசி, சுற்றுலா என ஒவ்வொரு காலத்திலும் நாடு ஒரு பொருளில் தேர்ச்சி பெற்று வாழ்ந்தது; ஒவ்வொரு முறையும் அதன் விலையை வெளியுலகம் தீர்மானித்தது. நிலத்தின் தாழ்வும் சந்தையின் தொலைவும் இயற்கை தந்தவை. பாறையை வெட்டியது, விளிம்பு வரை தூர்த்தது, நீரையும் மக்களையும் ஓரிடத்தில் குவித்தது ஆகியவை நாட்டுக்குள் எடுக்கப்பட்ட முடிவுகள். கடலை உயர்த்தும் வெப்பம், இந்நாட்டின் பங்கு மிகச் சிறிதாக உள்ள உலகளாவிய புகையின் விளைவு.

இம்மூன்றுக்கும் தீர்வு மூன்று இடங்களில் உள்ளது. முதலாவதற்குத் தாங்குதிறனை வளர்க்கும் கொள்கையும் பலவகை வருவாயும் வேண்டும். இரண்டாவதைத் திருத்தும் பொறுப்பு மாலத்தீவின் அரசுகளுடையது. மூன்றாவதற்காகச் சிறு தீவு நாடுகள் 1991 முதல் கேட்டுவந்த இழப்பீட்டு ஏற்பாடு, 2022-இல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில் இழப்பு, சேத நிதியமாக ஒப்புக்கொள்ளப்பட்டது. கோரிக்கைக்கும் ஒப்புதலுக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. அக்காலத்திற்குள் துவாஃபருவின் பள்ளியில், கந்தொளுதூவில் வாழ்ந்தறியாத பிள்ளைகளின் தலைமுறை ஒன்று சேர்ந்து படிக்கத் தொடங்கிவிட்டது.